ஆலங்குளத்துக்காரரின் இன்ஜின்

பேய், பிசாசு என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குற்றாலம் போகிற சாலையில் நான் வேலை பார்க்கும் இன்ஜினியரிங் கல்லூரியில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம், எங்கள் ஏரோநாட்டிக்கல் துறையின் பின்பக்க ஷெட்டில் இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு விமான இன்ஜின். நான்கு சிலிண்டர் கொண்ட சின்ன இன்ஜின்தான். பறக்கப் பழகுகிறவர்களுக்கான இரண்டு பேர் விமானத்தில் இருந்தது. அந்த விமானம் வடக்கே ஒரு மக்காச்சோளக் காட்டில் விழுந்து, தனியாக ஓட்டிக்கொண்டிருந்த மாணவி இறந்துபோனாள். இன்ஜின் மட்டும் பிழைத்து எங்களிடம் வந்தது.

எங்கள் லேப் அசிஸ்டென்ட் அந்த ஷெட்டுக்குள் தனியாகப் போக மாட்டார். ஆயுத பூஜைக்கு மற்ற மெஷின்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் என்றால், இதற்கு மட்டும் மூன்று வெட்டுவார். சாரல் காலத்தில் மேகம் மலையை விட்டு இறங்கி ஷெட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஒரு கதவு வழியாக நுழைந்து, இன்ஜினை மூடி, இன்னொரு கதவு வழியாகப் போகும். அப்போது இன்ஜின் மூச்சு விடுகிறது என்பார்கள் மாணவர்கள். குளிர்ந்த சொம்பு வேர்ப்பது மாதிரி ஈரக்காற்றில் உலோகம் வேர்க்கிறது, அவ்வளவுதான். வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் அதையேதான் பேசுவார்கள்.

ஒன்றை மட்டும் நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிலிண்டர்களைச் சுற்றி, காற்றுப் பட்டுக் குளிர்வதற்காக மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றுக்கு நடுவே மக்காச்சோளத் தோகையின் நார்கள் சிக்கியிருந்தன. முதல் வருடமே காற்றை வைத்து ஊதி, பிரஷ் போட்டுத் தேய்த்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அடுத்த வருடம் மறுபடியும் இரண்டு நார்கள் கிடந்தன. அதற்கடுத்த வருடமும் கிடந்தன. எங்கிருந்து வருகின்றன என்று நான் தேடிப் பார்த்ததில்லை. தேடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நான் தென்காசியில் பிறந்தவள். விமானப் பராமரிப்பு படித்துவிட்டு, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியில், விமானங்களை நிறுத்தும் ஹேங்கரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். கல்யாணமாகிக் குத்துக்கல்வலசைக்கு வந்த பிறகு இந்தக் கல்லூரிதான். ஹேங்கரில் எல்லாரும் என் வாய்க்குப் பயப்படுவார்கள். அந்த வாயை நான் அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை.

இன்ஜினைக் கொண்டுவந்தவர் இறந்த பெண்ணின் அப்பா. ஆலங்குளத்தில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். இன்ஜினில் கோளாறு எதுவும் இல்லை, ஓட்டியவரின் கவனம் தவறியதுதான் காரணம் என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். உடைந்த விமானத்தைப் பழைய இரும்புக்கு விற்றபோது இவர் நேரில் போய் நின்று, இன்ஜினை மட்டும் வாங்கி, லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். கல்லூரிக்குச் சும்மாதான் கொடுத்தார். ஆனால், வருடத்துக்கு ஒரு முறை, ஆடி மாதத்தில் அவள் போன நாளன்று, தன் முன்னால் அதை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். இன்னொன்றும் சொன்னார். அதில் இருக்கும் எட்டு ஸ்பார்க் பிளக்குகளை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது.

விழுந்ததில் முறுக்கிக்கொண்ட, ப்ரொப்பல்லரைச் சுழற்றும் தண்டை நாங்கள் மாற்ற வேண்டியிருந்தது. ப்ரொப்பல்லர் இருந்த இடத்தில், தரையில் வைத்து ஓட்டுவதற்கான குட்டையான விசிறி ஒன்றை மாட்டினோம். அதற்கெல்லாம் சரி என்றார். பிளக் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றார். காலமெல்லாம் டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டியவர். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. எது கெட்டிருந்தாலும் தனக்குத் தெரியாத அந்தச் சாமான்தான் கெட்டிருக்கும் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார்.

முதல் வருடம் ஓட்டியபோது, காதை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இன்ஜின் ஒரு திக்கல் இல்லாமல் ஓடியது. நானே தூக்கி நிறுத்திய இன்ஜின் என்கிற பெருமையில் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நல்லாத்தான் ஓடுது என்று முனகிவிட்டு, நான் நிறுத்தும் வரை நின்று, மழையில் இறங்கிப் போனார். அடுத்த வருடமும் அப்படியே. மூன்றாம் வருடம்தான் எனக்கு உறைத்தது. அவர் அது ஓடுவதைக் கேட்க வரவில்லை. நிற்பதைக் கேட்க வருகிறார். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் முன்னால், அது சாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார் என்று புரிந்தபோது, எலுமிச்சம்பழம் வெட்டுகிறவரைப் பார்த்துச் சிரித்த எனக்கே முதுகு சில்லிட்டது.

ஏன் என்பதை அவரே ஒரு நாள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே சொன்னார். விமானம் விழுந்த அன்று காலையில் அந்தப் பெண்ணின் அம்மா போனில் அவளைத் திட்டியிருக்கிறாள். மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு, வழக்கமாக வீடுகளில் நடக்கிற சண்டைதான். மகள் பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் பறக்கப் போனாள். கவனம் தவறியது என்று விசாரணையில் சொன்ன வார்த்தை நேராக அம்மாவின் தலையில் விழுந்துவிட்டது. இன்ஜின் ஒரே ஒரு தடவை தானாக நின்றால் போதும், வீட்டுக்குப் போய் உண்மையாகவே சொல்லிவிடுவேன் என்றார். உண்மையாகவே என்பதை ஏன் அப்படி அழுத்திச் சொன்னார் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஒவ்வோர் ஆடியிலும் ஓட்டுவதற்கு முன்னால் பிளக்குகளைக் கழற்றி, சுத்தம் செய்து, மின்தடையை அளப்பேன். விமானப் பிளக்குக்கு உள்ளேயே சின்னதாக ஒரு ரெசிஸ்டர் உண்டு. அதன் தடை ஐயாயிரம் ஓமைத் தாண்டினால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மீட்டரின் ஒரு முனையை வயர் சேரும் குழிக்குள்ளும், மறுமுனையைப் பொறி பறக்கும் கம்பியிலும் வைத்தால் எண் வரும். இரண்டு நிமிட வேலை. ஆனால் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் விரலால் அழுத்தி அளக்கவே கூடாது. உடம்பு வழியாகவும் மின்சாரம் போகும். மீட்டர் உங்களையும் சேர்த்து அளந்துவிடும். குற்றாலச் சாரலில் துணியே காயாது, கை எங்கே காயும்? ஈரக் கை இன்னும் மோசம். அதனால் என் லேபில் துளை போட்ட மரக்கட்டை ஒன்று வைத்திருக்கிறேன். பிளக்கை அதில் நிறுத்தி, கை படாமல்தான் அளக்க வேண்டும்.

போன வருடம் எனக்குப் பரீட்சை மேற்பார்வை இருந்ததால், லேப் அசிஸ்டென்ட்டை அளக்கச் சொல்லியிருந்தேன். எட்டிலும் எண் வருகிறது என்று சொன்னார். அவர் சொன்ன வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஷெட்டில் அதிக நேரம் நிற்கப் பயந்து, கட்டையைத் தேடாமல் கையிலேயே பிடித்து முடித்திருப்பார். எல்லாவற்றையும் கட்டையில் நிறுத்தி மறுபடி அளந்தேன். ஏழு பிளக்குகள் ஒழுங்காகக் காட்டின. மூன்றாவது சிலிண்டரின் அடிப் பிளக் எதையுமே காட்டவில்லை. உள்ளே அறுந்துவிட்டிருந்தது. ஈர விரலால் எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். மீட்டரில் ஓர் எண் வந்து தத்தளித்தது. அழுத்தினால் இறங்கியது, விட்டால் ஏறியது. கட்டையில் வைத்தேன். ஒன்றுமில்லை. இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தும், அந்த எண் நான்தான் என்று தெரிந்தும், அதைக் கையில் வைத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

நிமிர்ந்தால், கதவருகே குடையோடு ஆலங்குளத்துக்காரர் நின்றிருந்தார். மறுநாள்தான் ஓட்டும் நாள், ஏற்பாடெல்லாம் சரியா என்று பார்க்க வந்திருக்கிறார். நான் செய்ததை எல்லாம் பார்த்துவிட்டார். என்ன என்று கேட்டார். சொன்னேன். தானும் பிடித்துப் பார்க்கலாமா என்றார். கொடுத்தேன். தண்ணீர் சொட்டுகிற அவர் கையிலும் எண் வந்தது.

"செத்ததக் கையில பிடிச்சாலும் உயிரு காட்டுதேம்மா" என்றார்.

அது பிளக்கின் உயிர் இல்லை, உங்களுடையது என்றேன். அவர் அதைக் கேட்கவில்லை. அவர் மனது வேறெங்கோ ஓடிவிட்டது. விசாரணையில் அளந்தவர்களும் கையில் பிடித்து அளந்திருந்தால் என்று கேட்டார். அவர்கள் அவ்வளவு விவரம் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள் என்றேன். சத்தியம் பண்ண முடியுமா என்றார். நான் அங்கே இல்லை, எப்படிச் சத்தியம் பண்ணுவது? நான் சத்தியம் பண்ணாததையே அவர் பிடித்துக்கொண்டார். விமான இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள், ஒன்று செத்தால் மற்றது தாங்கும், இந்த ஒரு பிளக்கால் எந்த விமானமும் விழாது, இதுகூட இங்கே வந்த பிறகு நம் ஈரத்தில் கெட்டிருக்கலாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார். என் மாணவர்கள் ஆட்டுகிற அதே ஆட்டல்.

நாளைக்கு வீட்டுக்காரியைக் கூட்டி வருகிறேன், இதையே போட்டு ஓட்டு என்றார். போட்டாலும் நிற்காது என்றேன். அப்படியானால் நீயாக நிறுத்திவிடு, அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார். முதல் வருடத்திலிருந்தே வீட்டில் அப்படித்தான் சொல்லிவருகிறாராம். இந்த வகை இன்ஜினை ஒரு லீவரை இழுத்து, பெட்ரோலை அடைத்துத்தான் நிறுத்துவோம். அடைத்ததும் இரண்டு மூன்று தரம் இருமி, திக்கி, அடங்கும். நான் நிறுத்தும் அந்தச் சத்தத்தைக் கவனமாகக் கேட்டு வைத்துக்கொண்டு, வருடா வருடம் வீட்டுக்குப் போய், அது தானாக இப்படி இருமிற்று, இப்படித் திக்கிற்று, அப்புறம் சத்தமே இல்லை என்று மனைவிக்கு விவரித்திருக்கிறார். அப்போதும் அவள் தேறவில்லை. மிக்ஸி நின்றால்கூட உறைந்து போய்விடுகிறாள். வீட்டில் தண்ணீர் மோட்டாரை அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போட வேண்டியிருக்கிறது. இப்போது தன் காதால் ஒரு முறை கேட்க வேண்டும் என்கிறாளாம்.

"என் இன்ஜினப் பொய் சொல்ல வைக்க மாட்டேன் அண்ணாச்சி. வேணும்னா நீங்க சொல்லிக்கிடுங்க" என்றேன்.

செத்த பிளக்கைப் போட்டு ஓட்டுவதற்கு மட்டும் சம்மதித்தேன். அவர் போன பிறகு, அப்படி வெடுக்கென்று பேசியிருக்க வேண்டாம் என்று பட்டது. ஆனால் பாவம் பார்த்து ஒத்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. ஒரு தாய் வாழ்நாள் முழுக்க நம்பப்போகிற சத்தத்தை நான் லீவரை இழுத்து உண்டாக்க வேண்டும் என்கிறார்.

மறுநாள் காலையில் இருவரும் காரில் வந்தார்கள். அருவிக்குப் போகிற வேன்கள் சாலையில் வரிசை கட்டி நின்றதால் கொஞ்சம் தாமதம். அந்த அம்மா மெலிந்த உருவம். தலையில் போட்டிருந்த துண்டை எடுக்கவே இல்லை. யாரையும் பார்க்காமல் நேராக இன்ஜினிடம் போய், சிலிண்டரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மேகம் உள்ளே வந்திருந்தது. இன்ஜினுக்குப் பின்னால் சுவரே தெரியவில்லை. லேப் அசிஸ்டென்ட் வாசலைத் தாண்டி வரவில்லை. கேன்டீனில் ஏதோ மெஷின் ஓடி நின்றது. அந்த அம்மாவின் தோள் இரண்டும் மேலேறி அப்படியே நின்றதைப் பார்த்தேன்.

அவளைக் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தேன். பிடித்துக்கொண்டது. இன்ஜினுக்குப் பொறி கொடுக்க இரண்டு மேக்னெட்டோக்கள் உண்டு. ஒவ்வொன்றும் சிலிண்டருக்கு ஒரு பிளக்கைப் பார்த்துக்கொள்ளும். வழக்கம்போல ஒன்றை அணைத்துவிட்டு மற்றதில் மட்டும் ஓட விட்டேன். செத்த பிளக்கைப் பார்த்துக்கொள்ளும் மேக்னெட்டோ அது. இன்ஜின் உடனே குலுங்கியது. மூன்றாவது சிலிண்டர் விட்டுவிட்டுத் தவறியது. சட்டம் தடதடவென்று ஆடியது. ஆலங்குளத்துக்காரர் தலையை நிமிர்த்தினார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் நான் பார்த்திராத சந்தோஷம் அது. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் மனைவி கண்களை இறுக மூடி, கம்பியை இரண்டு கையாலும் பற்றியிருந்தாள்.

சாவியைத் திருப்பி இரண்டு மேக்னெட்டோவையும் சேர்த்தேன். குலுக்கல் நின்றது. இன்ஜின் சீராக ஓடியது. அவர் என்னையே பார்த்தார். லீவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

வெகு நேரம் அப்படியே ஓடியது. அந்த அம்மா மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை. வேகத்தைக் குறைத்துவிட்டு அருகில் போனேன். எப்போது நிற்கும் என்று கேட்டாள்.

"நிக்காதுக்கா. நாம நிறுத்துனாத்தான் நிக்கும். இவ்வளவு நேரமும் கெட்டுப்போன பிளக்கோடதான் ஓடுது."

தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னிடம், அன்றைக்கும் கடைசி வரை ஓடியதா என்று கேட்டாள். எனக்கு அது தெரியும். நான் கழற்றிய தண்டு முறுக்கிக்கொண்டிருந்த விதமே சொல்லியது. வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது தரையில் மோதினால்தான் அப்படி முறுக்கும். இதை அவள் கணவரிடம் முதல் வருடமே சொல்லியிருந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அவளிடமும் சொன்னேன். கடைசி வரை ஓடியது என்றேன்.

விழுந்துவிடுவாளோ என்று பயந்து கையைப் பிடித்தேன். அவள் விழவில்லை. இறுக்கிப் பிடித்திருந்த விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கணவரிடம் கோபமே இல்லாத குரலில் பேசினாள்.

"நின்னுட்டு, நின்னுட்டுன்னு நீங்க வந்து சொன்ன அன்னையிலேர்ந்து எம்பிள்ள சத்தமில்லாத வண்டியில ஒத்தையா கீழ எறங்கிக்கிட்டே இருக்கா. தெனமும் பாக்குதேன். தெரிஞ்சுக்கிட்டே எறங்குதா. நான் திட்டுனது திட்டுனதாவே இருக்கட்டும். அத நான் வச்சுக்கிடுதேன். இந்தச் சத்தம் அவ கூட இருந்துச்சுல்லா, எனக்கு அது போதும்."

அவள் பாரத்தை இறக்குவதாக நினைத்து வருடக்கணக்காக ஆலங்குளத்துக்காரர் கொண்டுபோய்க் கொடுத்தது என்ன என்பது அவருக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். நான் அழுகிற ஆள் இல்லை. அன்று நானும் அழுதேன்.

அந்த அம்மா மட்டும் அழவில்லை. இன்ஜினைக் கேட்டுக்கொண்டே நின்றாள். நான் சாவிப் பக்கம் திரும்பியதும், இப்போதே நிறுத்த வேண்டாமே என்றாள். சூடு காட்டும் ஊசி சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. நின்ற இடத்திலேயே இந்த இன்ஜினை இவ்வளவு நேரம் ஓட்டக் கூடாது. டப்பாவில் பெட்ரோலும் அடிக்கு வந்துவிட்டது. நான் நிறுத்தினாலும் சரி, பெட்ரோல் தீர்ந்தாலும் சரி, இரண்டிலும் அது இருமித்தான் நிற்கும். அந்தச் சத்தத்தைத்தான் அவள் இத்தனை வருடமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆலங்குளத்துக்காரரைப் பார்த்துக் காரைக் காட்டினேன். லாரிக்காரர், இன்ஜின்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியின் தோளில் கைவைத்தார். போவோம், அது ஓடட்டும் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மழைக்குள் நடந்தாள். கார்க் கதவு சாத்தும்வரை சத்தம் அவளுக்குக் கேட்க வேண்டும் என்று வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். லேப் அசிஸ்டென்ட்டைக் கல்லூரி வாசலுக்கு ஓடச் சொன்னேன். ஊசி சிவப்புக்குள் போய்விட்டது. கார் தென்காசிப் பக்கம் திரும்பிக் கண்ணுக்கு மறைந்துவிட்டது என்று அவர் போனில் சொன்னார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் லீவரை இழுத்தேன். அது இருமி நின்றபோது ஷெட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.